பழம்பொருளின் பெறுமதி: திருகோணமலை எண்ணெய்க் குதங்களின் கொள்வனவு – ஒரு வரலாற்று நோக்கு

பழைய மோட்டார் வாகனமொன்றை வாங்க முற்படுவோன் முதலில் வினவுவது அதன் விலையையே. எனினும் விலை வேறு, பெறுமதி வேறு. வேகத்திற்கெனச் செய்யப்பட்ட டர்போ எஞ்சின் பூட்டிய பந்தய வகை வாகனத்தை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் சுழலி, காற்றை நெருக்கி உட்செலுத்துவதால் சிறிய எஞ்சினும் பெருவலி பெறுகின்றது. புதிதாயிருக்கையில் வாகனத்தின் மதிப்பை உயர்த்திய அவ்வுறுப்பே, பழையதான பின் வாங்கியவனின் பணத்தை விழுங்குவதாகவும் ஆகலாம். ஆகவே, விற்பவன் ஏன் விற்கின்றான், வாங்குபவனுக்கு ஆகும் பயன் யாது, பொருளைப் பேணும் வலு அவனிடம் உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே, விலை மலிவோ அன்றோ எனத் துணிதல் பொருந்தும்.

தனிமனிதனுக்குரிய இவ்வினாக்கள் அரசுகளுக்கும் உரியனவே. 1964 ஆம் ஆண்டில் இலங்கை அரசு, சீனக்குடாவில் அமைந்த எண்ணெய்க் குதங்களைப் பிரித்தானியாவிடமிருந்து இரண்டரை இலட்சம் பவுணுக்கு வாங்கிற்று. அன்றைய நாணய மாற்று விகிதப்படி இது ஏறக்குறைய 33 இலட்சம் ரூபாவாகும். ஒவ்வொரு தாங்கியும் ஏறத்தாழப் பதினாயிரம் தொன் கொள்ளத்தக்கது. தொகுதி முழுவதும் ஏறக்குறையப் பத்து இலட்சம் தொன் கொள்வது. ஆகவே ஒரு தொன் எண்ணெய்க்கான இடம் ஐந்து சிலிங்குக்குக் கிடைத்தது எனலாம். இத்தகைய மலிவான கொள்வனவு ஏன் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலாவது, விற்றவரின் நிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. கீழைக்கடல்களிற் செல்லும் கப்பல்களுக்கு எண்ணெய் சேமித்து வைக்கும் தேவை அதனால் எழுந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளிற் சீனக்குடாவில் உருக்குத் தாங்கிகள் எழுந்தன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் திருகோணமலையின் முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது தாங்கியொன்று தீக்கிரையானது. ஆயினும் 1947 இல் இந்தியா விடுதலை பெற்றதும் பேரரசின் கடல்வழிக் காவலுக்கான தேவை குன்றத் தொடங்கியது. 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. எனவே விற்றவர் விற்றது தமக்கு வேண்டாததொன்றையே. விலை குறைந்ததன் காரணம் இதுவன்றிப் பெருந்தன்மையன்று.

இரண்டாவது, வாங்கியவரின் பயன். 1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அயல்நாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகள் அரசுடைமையாக்கப்பட்டன. எண்ணெய் வாணிகம் அரசின் கைக்கு வந்த அக்காலத்திற் சேமிப்பிடம் வாங்கியது பொருத்தமானதே. எனினும் 1969 இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது சீனக்குடாவிலன்று. கொழும்பை அண்டிய சப்புகஸ்கந்தையிலாகும். நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் கொண்ட அதன் தொடக்ககால ஆற்றலை நோக்குமிடத்து, ஏறக்குறைய அரையாண்டு உற்பத்தி முழுவதையும் சீனக்குடாவில் அடக்கிவிடலாம் என்பது கணக்கிற் புலனாகும். தேவை மேற்கிலும் சேமிப்பிடம் கிழக்கிலுமாய், இடையே ஏறக்குறைய 160 மைல் தூரம் கிடந்தது. போர்க்கப்பல்களுக்கென ஆக்கப்பட்ட பொருள், சிறுநாடொன்றின் அன்றாட வாணிகத்துக்கு அளவிற் பெரிதாயும் இடத்திற் சேய்மையாயும் அமைந்தது. நெரிசல் மிக்க நகர வீதியிற் பந்தய வாகனம் ஓட்டுவோனின் நிலையும் இதுவே.

மூன்றாவது, பேணுதல். ஓடாத எஞ்சினும் தேயும். நிறையாத தாங்கியும் துருப்பிடிக்கும். மேட்டுநிலத் தாங்கிகளைச் சுற்றிக் காடு மண்டியது. யானைகள் உலாவும் இடமாயிற்று. 1983 இன் பின் மூண்ட போர் கிழக்கில் முதலீட்டை மேலும் தடுத்தது. எனினும் பழி முழுவதையும் போரின்மேற் சுமத்தல் நேர்மையாகாது. கொள்வனவு நிகழ்ந்து போர் மூளுமுன் கழிந்த ஆண்டுகள் பத்தொன்பதாகும்.

இவற்றைக் கொண்டு 1964 ஆம் ஆண்டுக் கொள்வனவு பிழையென முடிவுகட்டலாமா? பின்வந்த நிகழ்ச்சிகள் அவ்வாறு கூறவிடா. 1987 யூலை 29 ஆம் நாள் இலங்கை–இந்திய உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இக்குதங்களின் புனரமைப்பும் இடம்பெற்றது. 2003 இல் இவை 35 ஆண்டுக் குத்தகை ஏற்பாட்டின் கீழ், ஆண்டுக்கு ஓர் இலட்சம் டொலர் என்னும் அடிப்படையில், லங்கா ஐஓசி நிறுவனத்திடம் சென்றன. 2022 சனவரியில் எஞ்சிய 99 தாங்கிகளும் பகுக்கப்பட்டன: லங்கா ஐஓசிக்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. அக்கம்பனியில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துக்குரியது. 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. துருவேறிய உருக்குக்காக எவரும் இவ்வளவு பேரம் பேசார். அவர் நாடுவது ஆழ்ந்த இயற்கைத் துறைமுகத்தின் கரையிலுள்ள நிலத்தையும், அதன் மேலான உரிமையையுமே.

ஆகவே, 1964 இல் வாங்கப்பட்டது இரும்பு மட்டுமன்று. பேரம் பேசும் இடமொன்றும் வாங்கப்பட்டது. கொடுத்த விலை மலிவு என்பதில் ஐயமில்லை. தவறியது வாங்கிய பின் செய்ய வேண்டியதே: இந்த இடத்துக்கு எத்தகைய தொழில் வேண்டும், அதில் இம்மாவட்ட மக்களுக்கு என்ன பங்கு என்னும் திட்டம் உரிய காலத்தில் எழவில்லை. கடற்படைத் தளம் மூடப்பட்டதும் பிழைப்பை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, அண்மையிலேயே நின்ற இத்தாங்கிகள் வேலையாகவில்லை. பழம்பொருளை வாங்குவோன் கையிற் கொடுத்த பணத்தை மட்டும் எண்ணி மகிழ்தல் போதாது. பயன்படுத்தாது கழித்த ஆண்டுகளையும் அதன் விலையோடு கூட்டுதல் வேண்டும். அவ்வாறு கூட்டின், ஐந்து சிலிங் என்னும் கணக்குச் சிறிதன்று.