பித்தநீர் சொன்னதும் சொல்லாததும்

1959ஆம் ஆண்டு இரண்டு மருத்துவக் கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்கள் அன்று யாராவது இருந்தார்களா என்பது சந்தேகம்தான். முதலாவது நம் ஊரைப் பற்றியது. 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளைப் புரட்டி டி.ஜே. தனராஜும் சகாக்களும் எழுதியது. இதயத் தமனி நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகம் என்றது அது. தனராஜ் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் டீன் ஆனார்.

இரண்டாவது கட்டுரை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு ரெசின் பொடியை மனிதர்களுக்குக் கொடுத்தால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது என்றது. அந்தப் பொடிதான் பின்னாளில் கொலஸ்டிரமின் என்ற மருந்தானது.

பித்தம் என்றதும் நம் வீடுகளில் தலைசுற்றலும் இஞ்சிச்சாறும்தான் ஞாபகம் வரும். இங்கே பேச்சு கல்லீரல் சுரக்கும் பித்தநீரைப் பற்றியது. அதிலுள்ள பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலில் இருந்துதான் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவியபின் அவற்றில் ஏறக்குறைய 95 சதவீதம் குடலில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலுக்கே போய்விடும். ரெசின் இந்தச் சுற்றைக் குடலிலேயே மறிக்கிறது. பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. இதற்கான வாசலைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் பார்க்கலாம். பித்தப்பைக் கல்லைக் கரைக்கச் செனோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1981இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது. பித்த அமிலத்தை வெளியேற்றினால் இறங்குகிறது, உள்ளே ஊற்றினால் ஏறுகிறது.

1984இல்தான் தீர்ப்பு வந்தது. கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 3,806 நடுவயது ஆண்கள், சராசரியாக 7.4 ஆண்டுகள், நாளுக்கு 24 கிராம் வரை மணல்போன்ற பொடி. மாரடைப்பும் இதய நோய் மரணமும் சேர்ந்து 19 சதவீதம் குறைந்தன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் இதயம் பிழைக்கும் என்பதற்கு அதுவரை இவ்வளவு வலுவான சான்று கிடையாது. ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் எண்ணிக்கை ஏறக்குறைய மாறவில்லை: பொடி சாப்பிட்டவர்களில் 68, சாப்பிடாதவர்களில் 71.

அந்த ஆய்வு நடந்தது வட அமெரிக்காவில். அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1980 முதல் 1984 வரையான சிங்கப்பூர் மரணப் பதிவுகளைக் கென்னத் ஹியூஸ் குழு ஆராய்ந்தது. இதய நோயால் இந்திய ஆண்கள் இறக்கும் விகிதம் சீனர்களைப் போல 3.8 மடங்கு, பெண்களுக்கு 3.4 மடங்கு. காரணம் கொலஸ்ட்ரால்தானே என்று தேடினால் அதுவும் இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை இம்மூன்றாலும் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. நம்மவர்களிடம் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைவு, சர்க்கரை நோய் அதிகம்.

என்னை உறுத்துவது இதுதான். கொலஸ்ட்ரால் கோட்பாட்டை உறுதிசெய்த அந்தப் பொடிக்கு ஒரு குணம் உண்டு: டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். சர்க்கரையும் குறைந்த எச்டிஎல்லும் உள்ளவர்களிடம் ஏற்கெனவே உயர்ந்திருப்பது பெரும்பாலும் அந்த டிரைகிளிசரைடுதான். 1987இல் முதல் ஸ்டாட்டின் வந்தபின் பொடி ஓரங்கட்டப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒற்றை எண் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. தேக்காவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தால் காதில் விழும்: "டாக்டர் கொலஸ்ட்ரால் நார்மல்னுட்டாருங்க, ஒண்ணும் பயமில்ல." தனராஜின் பதிவேட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சோதனையே எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம். நமக்கு எடுக்கிறார்கள், நாம் ஒரு வரியை மட்டும் படிக்கிறோம்.

இன்று சிங்கப்பூரில் இதய ஆபத்தைக் கணக்கிடும் முறையில் வயது, ரத்த அழுத்தத்தோடு இனமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்தமுறை பாலிகிளினிக் போகிறவர்கள் கொலஸ்ட்ரால் எண்ணோடு நின்றுவிடாமல் எச்டிஎல் எவ்வளவு, டிரைகிளிசரைடு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பத்து வருட ஆபத்துக் கணக்கையும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.