தேயிலைக் கொழுந்தும் உயிர்க் குறியீடும்

லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்சு தெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, கோப்பி நோயுற்று அழிந்தபின் நுவரெலியா, ஹற்றன் மலைகளெங்கும் பரவியது. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது.

தேநீரின் சுவைக்குத் துணைபுரியும் தியனைன் என்னும் அமினோவமிலத்தை ஜப்பானிய அறிஞர் சகாட்டோ 1949இல் கண்டறிந்தார். வேரில் உருவாகிக் கொழுந்திற்கு ஏறும் இது, புரதத்தில் இடம்பெறுவதில்லை. பரம்பரைக் குறியீடு பெரும்பாலும் இருபது அமினோவமிலங்களையே ஏற்கின்றது. 1960களில் நிரன்பர்க்கும் கொரானாவும் அக்குறியீட்டைப் படித்தறிந்தனர். அது ஒருகால் தற்செயலாய் அமைந்து உறைந்துபோனதாகலாம் என 1968இல் கிரிக் கருதினார்.

அவ்வாறாயின் புறத்தே நிற்கும் அமினோவமிலங்களைப் புரதத்துள் புகுத்தவியலுமோ? 2001இல் பீற்றர் சுல்ற்சு குழுவினர் இதற்கு விடை கண்டனர். புரதத்தொடரின் முடிவைக் காட்டும் குறியொன்றிற்குப் புதுப்பொருள் கொடுத்து, செயற்கை அமினோவமிலமொன்றைப் பற்றீரியாவின் புரதத்திற் சேர்த்தனர்.

ஆகவே உயிரின் இரசாயனம் இருபதுடன் முடிவதன்று. இதற்குச் சான்றொன்று, தம் முன்னோர் கொய்து கூடையிற் சுமந்த கொழுந்திலேயே இருந்ததென்பதை மலையக மாணவர் அறிதல் வேண்டும். ஆய்வுகூடம் அவர்க்கு அயலிடமன்று.