மழைக்கோட்டும் வியர்வையும்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது கிராம சுகாதாரச் செவிலியர். தினமும் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போகிறாள். "டீச்சர், போன வருஷம் ரெயின்கோட்டு போட்டும் நனைஞ்சுதான் போனேன். மழையில இல்ல, வேர்வையில. கழுத்தெல்லாம் வேர்க்குரு, அப்புறம் இடுப்புல படை. இப்ப காத்து போற கோட்டுன்னு ஒம்பதாயிரம் ரூபாய் சொல்றாங்க, வாங்கவா?" என்றாள். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்கப் போனால் இருநூறு வருடக் கதை சொல்ல வேண்டும். அதனால் இந்தப் பதிவு.

மழைக்கோட்டு குளிர்நாட்டில் பிறந்தது. ரப்பர்ப் பாலைத் துணியில் தடவினால் நீர் இறங்காது என்பது அமேசான் காட்டு மக்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான். ஐரோப்பாவில் அதைத் தொழிலாக்கியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வேதியியலாளர் சார்லஸ் மக்கின்டாஷ். நிலக்கரி வாயு ஆலையில் மிஞ்சிய தாரிலிருந்து நாப்தா எடுத்து, அதில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பசைபோலத் தடவி ஒட்டினார். 1823-ல் காப்புரிமை பெற்றார். அந்தக் கோட்டு குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, நாற்றமும் அடித்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 1843-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும், 1844-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் காப்புரிமை வாங்கிய பிறகு விறைப்பும் பிசுபிசுப்பும் தீர்ந்தன. வியர்வை மட்டும் தீரவில்லை. வெளியிலிருந்து நீர் வராத துணி உள்ளிருந்தும் விடாது அல்லவா?

அதற்கு ஒரு வழி கண்டவர் ஜவுளிக்காரர் தாமஸ் பர்பெரி. துணிக்கு மேலே பூசாமல், நூலுக்கே நீர் ஒட்டாத பக்குவம் செய்து, பிறகு நெருக்கி நெய்தார். அதுதான் 1879-ல் வந்த கபர்டின். நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் கல்கத்தாவில் பெங்கால் வாட்டர்ப்ரூஃப் கம்பெனியைத் தொடங்கினார். வங்காளத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட டக்பேக் கோட்டு அங்கே செய்ததுதான்.

இனி அந்த ஒன்பதாயிரம் ரூபாய் விஷயம். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நம் தோசைக்கல்லில் பூசுகிறார்களே அந்த டெஃப்லான், அதைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படலமாகிவிட்டது. நீர்த்துளி அந்தத் துளையில் நுழையாது, நீராவி நுழையும். பொய்யில்லை, அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஆவி தானாக வெளியே போகாது கண்ணு. உள்ளே அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 34 டிகிரியில் ஈரமாக இருக்கும் தோலருகே நீராவியின் அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம். ஐந்து டிகிரிக் குளிர்மழையில் வெளிக்காற்றில் அது ஆறரைக்கு மேல் போகாது. வித்தியாசம் 33-க்கு மேல். நம் ஐப்பசி மழையில், 27 டிகிரியில், வெளியிலேயே கிட்டத்தட்ட 27. வித்தியாசம் வெறும் 13. பெடல் மிதிக்கிறவளுக்கோ, உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும், மீதியெல்லாம் சூடு. கோட்டின் மேல்துணி ஊறிவிட்டால் அந்தக் கொஞ்ச ஆவியும் தடைப்படும். அதனால்தான் வேண்டாம் என்றேன். பணம் போனால் கூடப் பரவாயில்லை, உனக்குப் படை திரும்ப வரும்.

நம் முன்னோர் இதைக் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். நாற்று நடுகிறவர்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். கேரளத்து வயல்களில் ஓலைத் தொப்பிக்குடை. எதிலும் உடம்பைச் சுற்றி மூடுவது கிடையாது. மேலே மறைப்பு, பக்கமெல்லாம் திறப்பு.

நான் சைக்கிள் கற்றது 1992-ல், முப்பது வயதுக்கு மேல். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நேரம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை அதில் ஒரு பகுதியாகவே ஆக்கியிருந்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினோம். அதுவரை பஸ்ஸை நம்பி, தாமதமானால் தலைமை ஆசிரியர் முன்னால் கை கட்டி நின்றவள் நான். மழை வந்தால் மறுபடி பஸ்ஸா என்று ரோஷப்பட்டு, புடவைக்கு மேல் ஒரு ரெயின்கோட்டு வாங்கிப் போட்டேன், தொப்பியோடு.

இதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கார்த்திகையில் ஒருநாள், பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பினேன். தலை திரும்பியது, கோட்டின் தொப்பி திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது தொப்பியின் உட்புறம் மட்டும். மழை அதன்மேல் அடித்த சத்தத்தில் ஹாரனும் கேட்கவில்லை. கைப்பிடி ஆடி, வாய்க்கால் ஓரச் சேற்றில் விழுந்தேன். லாரி என் பின்சக்கரத்துக்கு அருகே உராய்கிற மாதிரிப் போனது. பள்ளிக்கூடத்தில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அன்றே அந்தக் கோட்டை அடுப்படி விறகு மூடப் போட்டுவிட்டேன்.

பிறகு கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் போய், நைலான் குடைத்துணியில் கேப் தைத்து வாங்கினேன். ஹேண்டில்பாரில் கை வைத்து உட்கார்ந்தபடி அளவு எடுக்கச் சொன்னேன். அதுதான் முக்கியம், நின்றபடி எடுத்தால் முன்பக்கம் குட்டையாகிவிடும். காற்றில் பறக்காமலிருக்க உள்ளே இடுப்பு நாடா, கட்டைவிரல் மாட்ட இரண்டு வளையம். பின்பக்கம் சீட்டுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும், அதற்குமேல் நீளம் விட்டால் சக்கரம் இழுத்துவிடும். நிறம் மஞ்சள். தலைக்கு நாடா கட்டிய தொப்பி, காது வெளியே. முழங்காலுக்குக் கீழே நனையும், நனையட்டும். பையில் பாலித்தீன் கவரில் ஒரு மாற்றுடையும் துண்டும். மழையில் பிரேக் கட்டை வழுக்கும், அதனால் முன்கூட்டியே பிடித்து மெதுவாகப் போக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் போய்வந்தேன்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. கேப் என் பரணில் இருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் நைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா கண்ணு, அதைக் கொண்டுபோய் உங்கள் ஊர் டெய்லரிடம் காட்டு. உனக்குத் தோள் அகலம், இரண்டு விரல் கூட வைக்கச் சொல். வரும்போது அந்தப் படைக்கு என்ன மருந்து போட்டாய் என்றும் சொல்லிவிட்டுப் போ, என் தங்கை கேட்கிறாள்.