கொடிவழியும் காணியும்: சங்ககிரி வரலாற்றின் ஒளியில் பிரித்தானிய உயர்குடி வமிசாவளிகள்

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானிய, அயர்லாந்து உயர்குடிகளின் வமிசாவளிகள் குருதி உறவின் பதிவுகளாகவே பெரிதும் கருதப்படுகின்றன. அவை முதன்மையாக உரிமை ஆவணங்கள் என்பதும், உரிமைக்குத் தேவைப்படாத பெயர்கள் அவற்றினின்று விலக்கப்பட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பாராமகால் நிலவரித் திட்டத்தில் பணியாற்றிய தாமஸ் மன்றோவின் கால்வழியும் கொங்கு நாட்டுக் காணியாளர் வமிசாவளிகளும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வமிசாவளி, காணி, கூட்டம், பாரனட், மன்றோ, மெக்கன்சி, சங்ககிரி

முன்னுரை

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே தனித்துயர்ந்து நிற்கும் சங்ககிரி மலைக்கோட்டையின் வரலாற்றில் இரண்டு ஆண்டுகள் முதன்மையானவை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகால், சேலம் பகுதிகளோடு இக்கோட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை இங்குத் தூக்கிலிடப்பட்டார். முதல் நிகழ்ச்சி, நொடித்துப்போன ஸ்காட்லாந்து வணிகக் குடும்பம் ஒன்றை உயர்குடிப் பட்டியலில் ஏற்றிய நெடும்பயணத்துக்கு வழி திறந்தது. இரண்டாவது நிகழ்ச்சி, காங்கேயம் பகுதிக் காணியாளர் குடியொன்றின் வலிமை மிக்க கிளையை வெட்டி வீழ்த்தியது.

முதற்குடும்பத்தின் கால்வழி அச்சேறி நூலக அடுக்குகளில் இடம்பெற்றுள்ளது. மற்றதன் கால்வழியைச் செப்பேடுகளிலும் வாய்மொழி வழக்குகளிலும் குலதெய்வக் கோயில்களிலும் தேட வேண்டியுள்ளது. அச்சேறியதை ஆவணம் என்றும் பாடலில் வந்ததைக் கதை என்றும் பிரித்து வைக்கும் மனப்பாங்கு நம் ஆய்வுலகில் இன்னும் மறையவில்லை. அப்பிரிவினை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

பட்டமும் பட்டியலும்

இங்கிலாந்தில் குலச்சின்னங்களையும் அவற்றுக்குரிய குடும்பங்களையும் பதிவுசெய்யும் கழகத்துக்கு மூன்றாம் ரிச்சர்டு 1484இல் உரிமைப்பட்டயம் வழங்கினார். 1530 முதல் 1688 வரை அதன் அலுவலர்கள் மாவட்டந்தோறும் சென்று, சின்னம் தரிப்போரின் தகுதியை விசாரித்துக் கால்வழிகளை எழுதினர். அயர்லாந்துக்கென 1552இல் தனி அலுவலர் அமர்த்தப்பட்டார். இவ்விசாரணைகள் அறிவு வேட்கையால் எழுந்தவை அல்ல. யார் சின்னம் தரிக்கலாம், யார் தரிக்கக்கூடாது என்று வரையறுப்பதே அவற்றின் நோக்கம்.

முதலாம் ஜேம்ஸ் 1611இல் தோற்றுவித்த பாரனட் பட்டம் இதனை மேலும் தெளிவாக்கும். பிரபுக்களுக்கு ஒரு படி கீழே அமைந்த, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பட்டம் அது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 30 படைவீரர்களை மூன்றாண்டுகள் வைத்துக்காப்பதற்கான செலவை அதனைப் பெறுவோர் செலுத்த வேண்டும். வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் வீதம் 30 பேருக்கு 240 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டு. மூன்றாண்டுகளுக்கு 1,095 பவுண்டு. பட்டம் பெறுவோரின் தந்தைவழிப் பாட்டன் குலச்சின்னம் தரித்தவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஒரு கையில் பணமும் மறுகையில் பாட்டன் பெயரும் வேண்டியிருந்த நிலையில், பணமுள்ளோர் பாட்டனைத் தேடியதில் வியப்பில்லை.

இன்று பலரும் எடுத்தாளும் பர்க் நூல்வரிசையைத் தொடங்கிய ஜான் பர்க் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிறந்தவர். பிரபுக்களையும் பாரனட்டுகளையும் பற்றிய அவரது நூல் 1826இல் வெளிவந்தது. பட்டமில்லாத நிலவுடைமைக் குடும்பங்களுக்கான தொகுதிகள் 1833 முதல் 1838 வரை வந்தன. குடும்பத்தார் அனுப்பிய செய்திகளே இவற்றுக்குப் பெரிதும் மூலம். நார்மன் படையெடுப்புக் காலம்வரை கால்வழியை நீட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. வரலாற்றறிஞர் எட்வர்டு ஃபிரீமன் 1877இல் இப்புனைவுகளைக் கடுமையாகத் தாக்கினார். ஹொரேஸ் ரவுண்டு 1901இல் வெளியிட்ட ஆய்வுகளில் அவற்றைச் சான்றுகளோடு ஒவ்வொன்றாக உடைத்தார். சூரிய சந்திரரிடமிருந்து வமிசாவளி தொடங்கும் நம் பாளையக்காரர் ஏடுகளைக் கண்டு நகைத்த ஆங்கில அலுவலர்களின் சொந்த நாட்டு நிலை இதுதான்.

மன்றோவின் கால்வழி

தாமஸ் மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வணிகம் நொடித்தது. மகன் கம்பெனிப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780இல் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டு ஹைதர் அலிக்கு எதிராகச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் நோவாரைச் சேர்ந்த சர் ஹெக்டர் மன்றோ. பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு இளையவரைத் தளபதியின் மைந்தராகக் கருதிவிடலாகாது. மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பரவிய பெருங்குலத்தின் பெயர். கொங்கு நாட்டில் ஒரே கூட்டப்பெயர் பல ஊர்களில் வழங்குவதைப் போன்றது இது.

1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் உதவியாளருள் ஒருவராக, பெரிதும் தருமபுரியில் தங்கி, மன்றோ நிலவரிப் பணி செய்தார். உழவரோடு அரசு நேரடியாக வரி ஒப்பந்தம் செய்யும் இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னர் 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். 1825இல் பாரனட் பட்டம் பெற்றார். ஃபார்ஃபர் மாவட்டத்து லிண்டர்டிஸ் என்ற பண்ணையின் பெயர் அப்பட்டத்தோடு இணைந்தது. 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார்.

அவர் 1814இல் மணந்தவர் அயர்ஷயர் மாவட்டத்துக் கிரெய்கி குடும்பத்தின் ஜேன் கேம்பல். மூத்த மகன் தாமஸ் இரண்டாம் பாரனட் ஆனார். அவருக்குப்பின் பட்டம் தம்பி கேம்பலுக்கும், கேம்பலுக்குப்பின் அவர் மகன் ஹியூ தாமஸ் மன்றோவுக்கும் சென்றது. இந்த நான்காம் பாரனட்டே ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் பட்டியலிட்டவர். அம்மலைகள் இன்றும் ‘மன்றோ’ என்றே வழங்குகின்றன. அங்கே குடும்பப்பெயர் மலைக்காயிற்று. இங்கே தீர்த்தகிரி என்பவர் சின்னமலை ஆனார்.

மன்றோவின் வாழ்க்கையில் நாம் கருதவேண்டியது வரிசைமுறை. பழைய வமிசாவளி பட்டத்தைத் தேடித் தரவில்லை. இந்தியப் பணி பட்டத்தைத் தந்தது. பட்டம் வந்தபின் குடும்பத்துக்கு நூலில் இடம் கிடைத்தது. இரயத்துவாரிக் கொள்கையால் இடைநிலை உரிமையாளரின் பரம்பரை உரிமைக்கு வரம்பு கட்ட முயன்ற ஒருவரே தம் வழியினருக்குப் பரம்பரைப் பட்டம் விட்டுச்சென்றதை முரண் என்பதா, காலத்தின் இயல்பு என்பதா? இரண்டும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

கொங்கு நாட்டுக் காணியும் கூட்டமும்

கொங்கு வேளாளரிடையே கால்வழியின் பணி வேறு. கூட்டம் எனப்படும் குலப்பிரிவு, யாரெல்லாம் பங்காளிகள், யாரோடு மணவுறவு கூடாது என்பதை வரையறுக்கும். காணி, எந்த ஊரில் எந்தக் கூட்டத்தாருக்கு நிலத்திலும் கோயில் முதன்மையிலும் உரிமை என்பதைக் கூறும். புலவர் செ. இராசு பதிப்பித்த கொங்குச் சமுதாய ஆவணங்களில் இக்காணியுரிமைப் பட்டயங்களைக் காணலாம். அவற்றில் தெய்வங்களும் மூவேந்தரும் வருவதைக் கொண்டு முழுவதையும் தள்ளிவிடுவது முறையன்று. முன்பகுதி புனைவாயினும், எல்லை, பங்கு, சாட்சி ஆகியவற்றைக் கூறும் பின்பகுதி நடைமுறை உரிமையைச் சொல்வது. பர்க் நூலிலும் நார்மன் முன்னோர் ஐயத்துக்குரியவர். கடைசி நான்கு தலைமுறை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இருவகை நூலையும் கீழிருந்து மேலாகப் படிப்பதே நல்ல முறை.

ஒரு வேறுபாடு அடிப்படையானது. பிரித்தானிய உயர்குடியில் மூத்த மகனே நிலத்தையும் பட்டத்தையும் பெறுவான். இளைய மக்கள் திருச்சபை, படை, கடல்கடந்த பணி என்று வழி தேடினர். கம்பெனி அலுவலர் பட்டியல்களில் நிலவுடைமைக் குடும்பங்களின் இளைய மக்கள் மிகுந்திருந்ததற்கு இது ஒரு காரணம். கொங்கில் மைந்தர் அனைவரும் பங்காளிகள். நிலம் பிரியும், கூட்டம் பிரியாது. சின்னமலையின் கிளை வீழ்ந்தபோதும் பழையகோட்டைப் பட்டக்காரர் மரபு தொடர்ந்ததை இவ்வமைப்பின் வழியே விளங்கிக்கொள்ளலாம்.

இவ்விரு மரபும் ஒருவரிடத்தில் சந்தித்தன. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்த காலின் மெக்கன்சியை, நேப்பியர் பிரபு தம் முன்னோரான கணித அறிஞர் ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுதும் முயற்சியில் ஈடுபடுத்தினார். இந்துக் கணிதம் பற்றிய செய்தி திரட்டும் வேலை அது. 1783இல் சென்னை வந்த மெக்கன்சிக்கு, மதுரையில் வாழ்ந்த நேப்பியர் குடும்பத்துப் பெண்மணி ஹெஸ்டர் ஜான்ஸ்டன் வழியாக அங்குள்ள அந்தணப் புலவரோடு தொடர்பு ஏற்பட்டது. ஒரு பிரபுவின் குடும்ப வரலாற்று விருப்பத்தில் தொடங்கிய தேடல், கைபீதுகளும் பாளையக்காரர் வமிசாவளிகளும் ‘கொங்கு தேச ராஜாக்கள்’ போன்ற ஏடுகளும் சேர்ந்த பெருந்தொகுப்பாக வளர்ந்தது. கவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா ஆகியோரின் உழைப்பின்றி அது நிகழ்ந்திராது. ஆனால் ஆட்சி மாறிய சூழலில் அதிகாரி ஒருவருக்காகத் தம் வமிசாவளியை எழுதித் தந்தவர்கள், அதனை விண்ணப்பமாகவும் கருதியே எழுதினர் என்பதை மறக்கலாகாது.

விடுபட்ட பெயர்கள்

உரிமைக்காக எழுதப்படும் கால்வழியில் முதலில் மறைவது தாய்வழி. சிவகங்கை ஜமீன் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு. கௌரிவல்லப உடையத்தேவர் 1829இல் இறந்தபின் அண்ணன் வழியினரும் மகள் கட்டம நாச்சியாரும் உரிமை கோரினர். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில், ஜமீன் அவரது தனிச்சொத்து என்பதால் மகளுக்கே உரியது எனத் தீர்த்தது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட அவ்வழக்கு இல்லையேல், மகளின் பெயர் இவ்வளவு தெளிவாக ஏட்டில் நின்றிருக்குமா என்பது ஐயமே.

பிரித்தானியக் குடும்பங்களில் இந்தியத் தாய்மாரின் நிலை இன்னும் இருண்டது. இந்தியத் தாய்க்குப் பிறந்தோரைக் கம்பெனியின் உயர்பணியில் சேர்ப்பதில்லை என 1791இல் விதி வந்தது. பணிக்கு விண்ணப்பிப்போர் திருமுழுக்குச் சான்று தரவேண்டியிருந்தது. மறைத்தலுக்கு இதைவிட வலிய தூண்டுதல் தேவையில்லை. இருப்பினும் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டை ஆளுநர் எட்வர்டு குரோக்கின் மனைவி இசபெல்லா பெய்சோர் போர்த்துகீசிய இந்திய மரபினர். இவர்களின் மகள் பிரான்சிஸ் 1725இல் பிறந்தார். பிரான்சிசின் மகள் அமேலியா வாட்ஸ், சார்லஸ் ஜென்கின்சனை மணந்து பெற்ற மகனே லிவர்பூல் பிரபு. 1812 முதல் 1827 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் அவர். மன்றோ ஆளுநரானதும் பாரனட் ஆனதும் அவர் ஆட்சிக்காலத்தில்தான்.

பிரபுக்களின் நூல்களில் மணமகள் பெரும்பாலும் ‘இன்னாரின் மகள்’ என்ற அளவில் நிற்பாள். அவளைப் பெற்றவளின் பெயர் வருவது அரிது. பிரான்சிசின் கால்வழியைத் தெரிவிப்பது கொல்கத்தா புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள அவரது கல்லறை எழுத்து. அவரது நான்கு திருமணங்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்டார். 1698 முதலான சென்னைத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனில் உள்ளன. 1922இல் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்து அயர்லாந்தின் திருச்சபைப் பதிவேடுகளும் உயில்களும் பெருமளவில் அழிந்தபின், இந்தியாவுக்கு வந்த அயர்லாந்துக் குடும்பங்களைத் தேடுவோர்க்கு இவை கூடுதல் மதிப்புடையன. சேலம் மாவட்டக் கையேட்டை 1883இல் தொகுத்தளித்த லெ ஃபானுவின் பெயரே, நார்மண்டியிலிருந்து அயர்லாந்தில் குடியேறிய பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையினரின் பெயர்தான்.

கொங்கு நாட்டிலும் நிலைமை ஒத்ததே. பட்டயங்களில் தந்தை, மகன், பங்காளி பெயர்கள் தொடர, பெண்டிர் பெயர் அருகியே வரும். கணவனோடு உயிர்நீத்த பெண்கள் வீரமாத்தி என்ற பெயரில் கூட்டந்தோறும் வழிபடப்படுகின்றனர். அக்கோயில்களின் கற்களையும் வழிபாட்டு வழக்குகளையும், காட்டன் கல்லறைகளைத் தொகுத்தது போல, ஊர்வாரியாகப் பதிவுசெய்தால் சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரக் காணியாளர் வமிசாவளிகளில் தாய்வழி வெற்றிடங்கள் சிலவற்றையேனும் நிரப்ப முடியும்.