ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தானுந்தின் பின்வில் மாற்றமும் சக்கரச் சீரமைவும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த சிறிய தானுந்து ஆகும். இதன் பின்பக்கத்தில் அமைந்துள்ள குறுக்கு வில்லை மாற்றும்போது, பின்சக்கரங்கள் நிற்கும் கோணங்களும் உடன் மாறிவிடுகின்றன. இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் இச்சிக்கல் இவ்வடிவில் எழுவதில்லை. எனவே பழைய ஹெரால்ட் வண்டிகளைப் புதுப்பிப்போர் பின்வில் மாற்றத்தைச் சக்கரச் சீரமைவோடு சேர்த்தே செய்ய வேண்டியுள்ளது.

பின்னணி

இந்த வண்டியின் மூலம் இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்ட் ஆகும். அதன் உடல் வடிவத்தை இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்தார். தனிச் சட்டகத்தின் மீது உடலைப் பொருத்தும் பழைய முறையில் இது கட்டப்பட்டது. ஆயினும் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் தொங்கமைப்பு, அந்நாளைய சிறு வண்டிகளுக்குப் புதுமையானது. இங்கிலாந்தில் எஞ்சின் பின்னர் பெரிதாக்கப்பட்டது. இந்திய வண்டியோ 948 கன செ.மீ. எஞ்சினுடனேயே தொடர்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென நான்கு கதவு வடிவமும் வெளிவந்தது.

அமைப்பு

பின்பக்கத்தில் உள்ள ஒரே வில், வண்டியின் குறுக்கே இடம் வலமாகக் கிடக்கும் கமான் பட்டைக் கட்டு ஆகும். அதன் நடுப்பகுதி டிஃபரன்சியல் உறையின் மேல் இறுக்கப்பட்டுள்ளது. இரு முனைகளும் சக்கரங்களை அடுத்துள்ள நெட்டு இணைப்புகளைத் தாங்குகின்றன. ஒவ்வொரு சக்கரமும் அதன் அரை அச்சோடு செங்குத்தாகப் பிணைந்திருக்கும். அரை அச்சு டிஃபரன்சியலை ஒட்டியுள்ள ஒரே ஒரு குறுக்கு மூட்டில் மட்டும் மடங்கும். இதற்கு ஊசல் அச்சு என்று பெயர். சக்கரம் முன்னும் பின்னும் நகராதபடி, சட்டகத்திலிருந்து ஒரு ஆரக்கை அதைப் பிடித்திருக்கும்.

வெளிமூட்டு இல்லாமையே இங்கு எல்லாவற்றுக்கும் காரணம். சக்கரம் மேலேறினால் அரை அச்சு சாயும்; அச்சு சாய்ந்தால் சக்கரமும் அதே அளவு சாயும். கதவு ஒன்று கீலில் திரும்புவதைப் படுக்கவைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

வில்லின் உயரமும் சாய்கோணமும்

சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருக்கும் அளவு பட்டறைகளில் 'கேம்பர்' என வழங்குகிறது. மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்தால் எதிர்க் கேம்பர், வெளிநோக்கிச் சாய்ந்தால் நேர்க் கேம்பர்.

பல ஆண்டுகள் ஓடிய வில் தளர்ந்து தட்டையாகும். அப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது. சக்கரங்கள் எதிர்க் கேம்பர் கொள்கின்றன. டயரின் உள்விளிம்பு விரைந்து தேய்கிறது. புதிய வில்லைப் பொருத்தியவுடன் இதற்கு மாறாகப் பின்பக்கம் உயர்ந்து, சக்கரங்கள் நேர்க் கேம்பர் பக்கம் நகர்கின்றன. மூட்டிலிருந்து சக்கரம் வரையுள்ள நீளத்தை ஏறத்தாழ 500 மி.மீ. எனக் கொண்டால், உயரத்தில் ஒவ்வொரு 10 மி.மீ. மாற்றத்திற்கும் கேம்பர் 1 பாகைக்குச் சற்று மேலாக மாறும். 25 மி.மீ. உயர்ந்தால் மாற்றம் 3 பாகையை நெருங்கும். சாதாரண வண்டியொன்றில் அரைப் பாகைப் பிழைக்கே திருத்தம் செய்கிறார்கள் என்பதை நோக்க, இது மிகப் பெரிய அளவாகும்.

அரியாங்குப்பம், கடலூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பட்டைகளுக்கிடையே துரு ஏறி, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிவிடுவதும் உண்டு. அத்தகைய வில் உயரம் குறையாமலே விறைத்துப் போயிருக்கும். அதை மாற்றுமுன் பிரித்துச் சுத்தம் செய்து பார்ப்பது செலவைக் குறைக்கும்.

ஆபத்து

டயர் தேய்வு பொருட்செலவு மட்டுமே. நேர்க் கேம்பர் மிகுவதோ உயிருக்கு ஆபத்தானது. வண்டி வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. ஊசல் அச்சின் மூட்டு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால், இத்தள்ளுவிசையின் ஒரு பகுதி வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. பின்பக்கம் எழ எழ, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பிடிப்பு திடீரெனக் குறையும். பின்பக்கம் வெளியே வீசப்படும். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இது இன்னும் எளிதில் நிகழும். தொடக்கத்திலேயே நேர்க் கேம்பரில் நிற்கும் வண்டி இந்த நிலையை விரைவில் அடைகிறது.

இது ஹெரால்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், ரெனோ டோஃபின் ஆகியவையும் ஊசல் அச்சு கொண்டவையே. அமெரிக்காவில் செவ்ரோலே கோர்வேர் வண்டியின் இதே இயல்பை ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயத்தில் கண்டித்தார். அதன்பின் வாகனப் பாதுகாப்பு அங்கு அரசியல் விவாதமாயிற்று.

சுமை தாங்குவதற்கென்று கமான் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. லாரிக்கு அது பொருந்தலாம். ஹெரால்டில் கூடுதல் பட்டை வில்லை விறைப்பாக்குவதோடு உயரத்தையும் கூட்டி, ஆளில்லாமல் ஓடும் வண்டியைத் தீங்கான கோணத்தில் நிறுத்திவிடும். வெளிநாட்டு ஆர்வலர்கள் இதற்கு நேர்மாறாக, டிஃபரன்சியலுக்கும் வில்லுக்கும் இடையில் ஓர் உலோகக் கட்டையை வைத்து வண்டியைத் தாழ்த்துகின்றனர்.

டோ

மேலிருந்து நோக்கும்போது இரு பின்சக்கரங்களும் முன்நோக்கிக் குவிவதோ விரிவதோ 'டோ' எனப்படும். ஆரக்கை ஒரு வட்டத்திலும் அரை அச்சு வேறொரு வட்டத்திலும் அசைவதால், உயரம் மாறும்போது டோவும் சிறிது மாறும். ஆரக்கையின் தாங்கிக்குப் பின் வைக்கப்படும் மெல்லிய தகடுகளின் எண்ணிக்கையை மாற்றி இதைத் திருத்தலாம். பழைய தகடுகளைக் கழற்றும்போது எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளாதவர்கள் பின்னர் இடர்ப்படுவர். கேம்பருக்கென்று தனித் திருத்த வசதி இல்லை. வில்லின் உயரமே அதைத் தீர்மானிக்கிறது.

அளவிடும் முறை

ஜாக்கியால் உயர்த்தி இறக்கிய ஹெரால்டின் பின்சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடங்கியபடியே நிற்கும். டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் அவை தாமாக விரிவதில்லை. இந்நிலையில் எடுக்கும் அளவு முற்றிலும் தவறாகும். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டியபின்னரே அளவிட வேண்டும். வில்முனையின் ரப்பர் புஷ்களைத் தாங்கும் போல்ட்டுகளையும் சக்கரங்கள் தரையில் நின்று சுமை ஏறிய நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை உயர்த்திப் பிடிக்கும். விரைவில் கிழியவும் செய்யும்.

புதிய வில் சில நூறு கி.மீ. ஓடியபின் ஓரளவு தாழ்ந்து நிலைபெறும். அதற்குமுன் செய்யும் சீரமைவு தற்காலிகமானதே. முதலில் பின்பக்க உயரம், அடுத்து பின் டோ, கடைசியில் முன்சக்கரங்கள் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. முன்சக்கரங்களும் இதில் தப்புவதில்லை. ஹெரால்டின் சக்கர இடைத்தொலைவு 2324 மி.மீ. ஆகையால், பின்பக்கம் மட்டும் 25 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 0.6 பாகை முன்னோக்கிச் சாயும். திருப்பச்சின் பின்சாய்வான 'காஸ்டர்' அதே அளவு குறையும். அதனால் ஸ்டியரிங் இலகுவாகும். ஆனால் திருப்பியபின் தானாக நேராகும் இயல்பு தளரும்.

பிற இந்திய வண்டிகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் ஒரே விறைப்பான பின்னச்சு, நெடுக்காக அமைந்த இரு கமான் பட்டைக் கட்டுகளின்மேல் நிற்கிறது. வில்லை மாற்றினாலும் இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது கட்டின் நடுப்போல்ட். அதன் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமராவிட்டால் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் அச்சு கோணலாக நிற்கும். அப்போது வண்டி நண்டைப்போல் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். முன்சக்கரங்களை எத்தனை முறை சீரமைத்தாலும் இது தீராது. இருபுறமும் முன் பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து ஒப்பிட்டால் பிழை வெளிப்படும்.

பிந்தைய மாற்றங்கள்

இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் இதே அமைப்பைக் கொண்ட ஸ்பிட்ஃபயர் வண்டியின் நான்காம் வடிவில், அடிப்பட்டை தவிர மற்றவை நடுவில் அசையும்படி வில்லைத் திருத்தியது. இதனால் வளைவுகளில் பின்பக்கம் தூக்கப்படுவது பெரிதும் குறைந்தது. சென்னை நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. ஹெரால்டுக்குப் பின் 1972 முதல் 1977 வரை வெளிவந்த ஸ்டாண்டர்ட் கெஸல் வண்டியில் ஊசல் அச்சு நீக்கப்பட்டு, விறைப்பான பின்னச்சு பொருத்தப்பட்டது.