'வந்தே மீனாட்சி' பற்றி டீச்சர் சொன்னது தப்பு

  பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். வகுப்பில் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்று ஒரு அயர்லாந்து மெட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் இவனுக்கு ஐந்தாம் வகுப்பில் நான் பாடிக்காட்டிய 'வந்தே மீனாட்சி' ஞாபகம் வந்துவிட்டது. "இது எங்க மதுரைப் பாட்டு, வெள்ளைக்காரங்க எடுத்துக்கிட்டாங்கன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க" என்று அங்கே வாதாடிவிட்டானாம். "சரியாத்தானே சொன்னேன் டீச்சர்?" என்றான்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அப்படிச் சொன்னது நான்தான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? ஓய்வு பெறும்வரை சொன்னேன். பயிற்சிப் பள்ளியில் உடன்படித்த தோழி சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

விஷயம் நேர்மாறு. அந்த மெட்டு 1740களிலேயே லண்டனில் அச்சேறிவிட்டது. அதில் மீனாட்சி மேல் வடமொழியில் பாட்டுக் கட்டிய முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்ததே 1775இல். யார் யாரிடம் எடுத்திருக்க முடியும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் வெங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவில் சில காலம் இருந்தது. முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி. அவரோடு கோட்டைக்குப் போனபோது பேண்டு வாத்தியம் கேட்டார்கள் என்பார்கள். தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் பிடிலே கற்றுக்கொண்டார். இன்று கச்சேரி மேடையில் வயலின் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். (தஞ்சை வடிவேலுவையும் சொல்வார்கள், அது தனிக் கதை.)

அண்ணன் இப்படிக் கட்டியவை சுமார் 40. 'நோட்டு சுரம்' என்று பெயர். எல்லாம் சங்கராபரணம், ஏனென்றால் வெள்ளைக்காரர்களின் மேஜர் ஸ்கேல் சுரங்களும் அவைதான். கமகம் கிடையாது, நேராக நடக்கும். அதனால்தான் நீங்கள் ஐந்தாம் வகுப்பில் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டீர்கள்! 'காட் சேவ் தி கிங்' மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. உங்கள் பேரப்பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு (அது பிரெஞ்சுக்காரர்களுடையது) 'ச்யாமளே மீனாட்சி'.

எனக்குப் பிடித்தது 'லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்' கதை. ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு அது. இங்கே வந்து 'ஜகதீச குருகுஹ' ஆனது. அந்தப் பக்கம் அமெரிக்கா போய் 'லெதர் பிரிட்சஸ்', அதாவது தோல் கால்சட்டை என்ற பெயரில் அங்கத்திய பிடில்காரர்கள் கையில் ஓட்டமாக ஓடுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஒன்று சாமி கும்பிடுகிறது, ஒன்று குதித்து ஆடுகிறது.

தீட்சிதருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. நம் அழகர்மலைச் சுந்தரராஜர் மேலேயே கிருதி செய்தவர் அவர்.

தம்பி, அந்த வயலின் டீச்சரிடம் எங்கள் டீச்சர் சொன்னது தப்பு என்று சொல்லிவிடு. பாப்பா வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பு. கூடவே நான் பாடமுடிகிறதா என்று பார்க்கிறேன்.