அரக்கோடு நிறுத்த பொன்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் மலைத்து நிற்பது பொன்னின் அளவைக் கண்டு. எனக்கு அதைவிட வியப்பளிப்பது, அந்தப் பொன்னுக்குக் கணக்கு எழுதிய முறை. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்தது செப்புக்குடம். எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. இரண்டையும் தனித்தனியே பொறித்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது பொற்குடம்தான். உள்ளே இருப்பது செம்பு என்று சொல்லும் கட்டாயம் அரசனுக்கு இல்லை. இருந்தும் சொல்லியிருக்கிறான்.

நகைப் பட்டியல் இன்னும் நுணுக்கமானது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற எடைக்கல். மணி பதித்த நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற வேறொரு கல். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்தும் வைரமும் எண்ணிக்கையோடு வரும். மாணிக்கத்தில் குழியோ வெண்புள்ளியோ இருந்தால் அதுவும் பதிவாகும். கடைசியில் சொல்லப்படும் மொத்த எடை அரக்கும் சரடும் சட்டமும் உட்பட்டது என்ற குறிப்பு இருக்கும். கல் பதித்த நகையில் கல்லுக்கு அடியில் அரக்கு நிரப்புவது பழைய வழக்கம். தராசில் ஏறினால் அரக்கும் பொன்னாகிவிடும் என்பதை அந்தக் கணக்கர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

எடைக்கு அடுத்தது மாற்று, அதாவது பொன்னின் தரம். சுத்தப் பொன் மென்மையானது. அதில் செய்த கொக்கியோ திருகாணியோ நாளடைவில் வளைந்துவிடும். கல்லைப் பிடித்து நிற்கவும் அதற்கு வலுப் போதாது. ஆகவே செம்போ வெள்ளியோ கலந்தே தீர வேண்டும். கலப்பது குற்றமில்லை, எவ்வளவு கலந்தோம் என்பதை மறைப்பதுதான் குற்றம். சோழர் கல்வெட்டுகள் 'தண்டவாணி' என்ற தர அளவை வைத்துக்கொண்டு, அதற்கு இத்தனை மாற்றுக் குறைந்த பொன் என்று எழுதின. 'ஆணி' என்பது மாற்றுத் தெரிந்த பொன் ஊசி. கறுப்பு உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஆணியை ஒரு கோடு இழுத்து, நிறத்தை ஒப்பிடுவார்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று இன்றும் மனிதர்களைப் பாராட்டுகிறோமே, அது இந்தக் கணக்கின் மிச்சம்.

வெள்ளியும் இதே வழிதான். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பது உலகறிந்த ஒரு தரம். பிளாட்டினத்தின் கதை வேறு. அது உருக 1,768 பாகை செல்சியஸ் வேண்டும். பொன்னுக்கு 1,064 போதும். கரி உலையும் ஊதுகுழலும் வைத்திருந்தவர்களால் அதை உருக்க முடியாது. ஆனாலும் ஈக்வடார் கடற்கரையின் பழங்குடிக் கைவினைஞர்கள் பிளாட்டினத் துகளைப் பொன்னோடு சேர்த்துச் சுட்டும் தட்டியும் நகை செய்துவிட்டார்கள். ஐரோப்பாவில் அந்த உலோகத்துக்கு அப்போது பெயர்கூட இல்லை.

சுதந்திர இந்தியாவில் மாற்றை அரசே குறைத்த காலமும் உண்டு. சீனப் போருக்குப் பின், அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டில், 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். நூற்றில் 58 பங்கு பொன்னில் தாலி செய்துகொள்ள யாருக்கு மனம் வரும்? தங்க மோகம் குறையவில்லை. பட்டறைகளில் உலைதான் அணைந்தது. ஆசாரிகள் பலர் பிழைப்பை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது.

அடுத்து வந்தது பற்றவைப்புச் சிக்கல். செம்பு கூடிய பொடியை வைத்து ஊதிப் பற்றவைத்த நகையை உருக்கினால் மாற்று இறங்கும். அந்தப் பொடிக்குப் பதிலாகக் காட்மியம் வந்தது, கடைக்காரர்கள் 'கே.டி.எம். நகை' என்று பெருமையாக விற்றார்கள். காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகிவிடும். நகையில் தங்காமல் போவதால் மாற்றுக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த ஆவி போனது ஊதுகுழல் பிடித்தவரின் நுரையீரலுக்குள். வாங்கியவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருப்போம்?

இப்போது உரைகல்லின் இடத்தில் ஹால்மார்க் முத்திரை. 24இல் 22 பங்கு பொன் என்பதே அதில் காணும் 916. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முத்திரை மாற்றைத்தான் சொல்லும். கல்லும் அரக்கும் எவ்வளவு என்று சொல்லாது. அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கல் வைத்த நகை வாங்கும்போது, மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் ரசீதில் தனித்தனியே எழுதச் சொல்லி வாங்குங்கள்.